டிகாஷன் இறங்கிய மார்பு

என் நோயை முதலில் கண்டுபிடித்தவர் டாக்டர் இல்லை. திண்டிவனம் கோர்ட்டில் வேலை பார்த்த ஒரு குமாஸ்தா. அதுவும் பல்லால் கண்டுபிடித்தார்.

விழுப்புரம் ஜங்ஷனுக்கு எதிரே என் காபி கிளப். ரயிலுக்கு நேரமிருந்ததால் இட்லி சாப்பிட உட்கார்ந்தவர், எதையோ நறுக்கென்று கடித்துவிட்டு உள்ளங்கையில் துப்பினார். என் மாமனார் வீட்டில் போட்ட மோதிரம்.

"இன்னாய்யா, சாம்பார்ல பவுன் போட ஆரம்பிச்சிட்டியா?"

"புது ரகம் சார். ருசி எப்படி?" என்றேன். கழுவி விரலில் மாட்டினேன். கையைத் தொங்கவிட்டதும் மறுபடி கழன்று தரையில் உருண்டது. சோப்பு போட்டு இழுத்தாலும் வராத மோதிரம் அது. அன்றைக்குத்தான் எனக்குச் சுருக்கென்றது.

நான் அப்போது குண்டன். சாதாரணக் குண்டன் இல்லை, ஜங்ஷன் அறிந்த குண்டன். என் கடைக்குப் பெயர்ப்பலகை உண்டு; அதை யாரும் படித்ததில்லை. சட்டையில்லாமல், தோளில் துண்டோடு அடுப்படியில் நான் நிற்பதுதான் விளம்பரம். சமைக்கிறவனே இப்படி இருந்தால் சாப்பாடு எப்படி இருக்கும் என்று ரயிலிறங்கியவன் நேராக வருவான்.

அந்தக் கோடையில் நான் குடித்த தண்ணீருக்கு ரயில் என்ஜின் வெட்கப்பட வேண்டும். குடித்ததை இறக்கப் பின்பக்கம் போய்வருவதே தனித் தொழிலாகிவிட்டது. வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. வாடிக்கைக்காரர்கள் "இளைச்சிட்டியேப்பா" என்றார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நோய் வந்து ஏமாற்றும்போது முதலில் முகஸ்துதிதான் செய்யும். இதைப் படிக்கிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார பெஞ்சு இருந்தது. ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவர்கள் என் அகலத்தைப் பார்த்து முறைத்தார்கள். டாக்டர் ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, என் சிறுநீரைச் சொட்டுவிட்டு நெருப்பில் காட்டினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் நின்றது.

"நீரிழிவு" என்றார் (ரத்தத்தில் சர்க்கரை தங்கி, சிறுநீரிலும் வழியும் நோய்). "காபி எத்தனை குடிப்ப?"

"குடிக்கறதில்லீங்க. ருசி பார்க்கறதுதான்."

"எத்தனை தடவை ருசி பார்ப்ப?"

"ஒவ்வொரு டம்ளருக்கும்."

அவர் சிரிக்கவில்லை. சர்க்கார் டாக்டர்களுக்குச் சிரிப்பு சம்பளத்தில் சேராது போலிருக்கிறது.

இன்சுலின் (உடம்பு சுரக்க மறந்ததை ஊசி வழியாக ஏற்றும் மருந்து) போட்டுக்கொள்ள வேண்டும் என்றார். கொஞ்ச நாள் கம்பவுண்டர் போட்டார். பிறகு என் மனைவி லோகா கற்றுக்கொண்டாள். பால் காய்ச்சும் அடுப்பிலேயே ஊசியைக் கொதிக்க வைத்து, கல்யாணம் ஆன நாளாக நான் சேர்த்துவைத்த கோபங்களையெல்லாம் தினமும் காலையில் தொடையில் இறக்குவாள். சோற்றுக்குப் பதில் கேப்பைக் களி. மல்லாட்டை உருண்டை (வேர்க்கடலையில் பிடித்தது) கண்ணில் படக்கூடாது. ஜாங்கிரி பிழிகிறவன் களி தின்கிறான் என்று ஜங்ஷனே சிரித்தது.

உடம்பு கரைந்தது. கரைந்தது சதை மட்டும்தான். தோல் கரையவில்லை. திருவிழா முடிந்து ஜனமெல்லாம் போன பிறகும் பிரிக்காமல் விட்ட பந்தல் மாதிரி, வயிற்றில், கையடியில், எல்லாவற்றுக்கும் மேலாக மார்பில் தொங்கியது.

காபி கிளப்காரனுக்கு வேறு உவமை வராது. டிகாஷன் இறக்கும் துணிப்பையைப் பார்த்திருப்பீர்கள். தூள் நிறைந்து கனமாகத் தொங்கும்போது அதற்கு ஒரு களை உண்டு. தூளைக் கொட்டி, அலசி, ஆணியில் மாட்டினால் எப்படி இருக்கும்? அப்படி இரண்டு. ஆணிதான் இல்லை.

குனிந்தால் முன்னால் வந்தன. திரும்பினால் கொஞ்சம் தாமதமாகத் திரும்பின. மடிப்புக்கடியில் வியர்வை தங்கிப் படை வந்தது (ஈரத்தில் வளரும் தோல் அரிப்பு). குண்டாக இருந்தபோது இந்த மார்பை நான் கவனித்ததே இல்லை; அதுவும் என்னைக் கவனித்ததில்லை. இப்போது ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் போல ஆனோம்.

அடுப்படியில் சட்டை போட ஆரம்பித்தேன். அதுதான் வினையானது. "வெந்து சாகற வெயில்ல சட்டை போட்டுக்கினு நிக்கறான், நெஞ்சுல ஏதோ கோளாறு" என்று ஒருவன் ஆரம்பித்தான். அடுத்தவன் அதைக் காசநோய் ஆக்கினான். டம்ளரை வேட்டித் தலைப்பால் துடைத்துவிட்டுக் குடித்தார்கள். கொஞ்ச நாளில் துடைக்கும் சிரமமும் வேண்டாமென்று எதிர்க்கடைக்குப் போனார்கள். என் கடை இட்லியைத் தின்று தொப்பை வளர்த்தவர்கள். அவர்கள் ஒவ்வொருவர் முகமும் எனக்கு இன்னும் ஞாபகமிருக்கிறது. மன்னிக்கிற உத்தேசம் இல்லை.

இதற்கு நடுவில் என் தங்கை அஞ்சலையின் முதல் பையனுக்கு மயிலம் கோயிலில் காதுகுத்து வந்தது.

அவளைத் திண்டிவனத்தில் ரைஸ் மில் வைத்திருக்கும் வீட்டில் கொடுத்திருந்தோம். காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். மாமன் சட்டையைக் கழற்றி, துண்டை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். குழந்தையின் தாத்தா, அதாவது சம்பந்தி, தன் கையால் மாமன் மார்பில் சந்தனம் பூசி மாலை போட வேண்டும். இது எங்கள் பக்கத்து முறை. அந்த இடத்தில் உட்காருகிறவன் அந்த ஒரு நாழிகைக்கு ராஜா.

ராஜா சட்டையைக் கழற்றினார். மண்டபத்தில் பேச்சு நின்றது.

அஞ்சலையின் மாமனார் சந்தனத்தை ஒரு விரலால் தொட்டு, நெஞ்சுக்குழியில் பொட்டு மாதிரி வைத்துவிட்டு வேஷ்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். ஆசாரி ஊசியை ஏற்றினார். பையன் வீறிட்டான். வீறிட்டவன், வலி பொறுக்காமல் முகத்தைத் திருப்பி என் மார்பில் புதைத்து, பால் குடிக்கிற பிள்ளை தேடுகிற மாதிரித் தேட ஆரம்பித்தான்.

பச்சைப் பிள்ளைக்கு என்ன தெரியும்? கண்ணுக்கெதிரே கண்டதை நம்பினான்.

"அடேங்கப்பா" என்றார் சம்பந்தி, கூட்டம் முழுக்கக் கேட்கும்படி. "மாமன் சீரோட பாலும் சேத்து கொண்டாந்துட்டாரு."

பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். ஆண்கள் எதையும் வைத்துக்கொள்ளவில்லை. நானும் சிரித்தேன். என்னைப் பற்றி நல்ல நகைச்சுவை யார் சொன்னாலும் நான் முதலில் சிரித்துவிடுவேன். அது எனக்குப் பழக்கம். அஞ்சலை மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாளே டாக்டரிடம் போனேன். "சார், மறுபடியும் தின்னு ரொப்பிட்டா இன்னா?"

"ரொப்பினா பை நிக்கும். நீ நிக்கமாட்ட."

"அப்ப வெட்டி எறிங்க."

திண்டிவனத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு வாரம் ஒருநாள் மதராஸிலிருந்து ஒரு சர்ஜன் வருகிறார், யுத்தத்தில் வெந்துபோன சிப்பாய்களின் தோலை ஒட்டிக் கைபழகியவர், போய்ப் பார் என்றார்.

அந்த சர்ஜன் சட்டையைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். முகத்தில் எந்த மாறுதலும் இல்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது. அந்த வருஷத்தில் எனக்குப் பிடித்த ஒரே ஆள் அவர்தான்.

"மாஸ்டோபெக்ஸி" என்றார் (தொங்கும் மார்பின் உபரித் தோலை வெட்டி எடுத்து, மேலே தூக்கித் தைப்பது). "பொம்பளைங்களுக்குப் பண்ணியிருக்கேன். ஆம்பளைக்குப் பண்ணினதில்லை."

"கடை தொறந்த மொத நாள் கணக்கா வச்சிக்குங்க சார்."

சிரித்தார். பிறகு ஊதா மருந்தைக் (புண்ணுக்குத் தடவுவது) குச்சியில் தோய்த்து என் மார்பில் கோடு போட்டார். இங்கே வெட்டுவேன், இந்தத் துண்டு போய்விடும், காம்பைத் தனியாக எடுத்து மேலே இங்கே ஒட்டுவேன். ஒட்டியது பிடிக்கலாம், பிடிக்காமல் கருகியும் போகலாம். பிடித்தாலும் அங்கே தொட்டால் தெரியாது, உணர்ச்சி செத்துவிடும். தழும்பு மார்பின் குறுக்கே கிடக்கும். கடைசியாக, சர்க்கரைக்காரன் புண் சுலபத்தில் ஆறாது. சீழ் வைத்தால் உயிருக்கே ஆபத்து.

"மொதல்ல சர்க்கரையைக் கட்டு. நீலம் நீலமாவே நிக்கணும். பொங்கலுக்கு அப்புறம் வா. அப்பவும் இதே நினைப்பு இருந்தா நாள் குறிக்கலாம்."

வீட்டுக்கு வந்து தேய்த்துத் தேய்த்துக் குளித்தேன். கோடு போகவில்லை. முதுகுக்குத் தண்ணீர் ஊற்ற வந்த லோகா முன்பக்கம் வந்து பார்த்தாள்.

"இன்னாங்க இது, டைலர் போட்ட கோடு மாதிரி?"

சொன்னேன். சொம்பு அவள் கையில் அப்படியே நின்றது.

"மூணு பெத்து, மூணுக்கும் பால் குடுத்து, எனக்கும்தான் தொங்கிப் போச்சு. எனக்கு எந்த டாக்டரு வந்து கோடு போட்டான்? நீ ஒரு நாள் சட்டைய கழட்டி நாலு பேரு சிரிச்சதுக்கு அறுத்துக்கப் போறியா?"

"நாலு பேரு இல்ல, நாப்பது பேரு."

"நாப்பது பேரும் நாளைக்கு வந்து எனக்கு சோறு போடுவானா? புண்ணு ஆறாம நீ போய்ச் சேந்தா அந்த அடுப்புல நான்தான நிக்கணும்?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். மிச்சத் தண்ணீரை ஒரே வீச்சாகத் தலையில் கொட்டிவிட்டுப் போய்விட்டாள். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதனால்தான் எனக்கு அவள்மேல் அவ்வளவு ஆத்திரம் வந்தது. ரெண்டு நாள் பேசவில்லை. ஊசி மட்டும் தவறாமல் இறங்கியது. அந்த ரெண்டு நாளும் கொஞ்சம் ஆழமாக.

ஆனாலும் நான் விடவில்லை. சம்பந்தியின் முகத்தை நினைத்துக்கொண்டே களி தின்றேன். அவர் சிரிப்பை நினைத்துக்கொண்டே விடியற்காலையில் தண்டவாளத்தை ஒட்டி நடந்தேன். பக்தியால் விரதம் இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பகையால் இருந்தவன் நான்தான். சொல்லப்போனால் பகை நன்றாகவே வேலை செய்தது. கண்ணாடிக் குழாயில் நீலம் நீலமாக நிற்க ஆரம்பித்தது.

நடுவில் பூரி எண்ணெய் தெறித்து மணிக்கட்டில் கொப்புளித்தது. மற்றவர்களுக்கு ஒரு வாரத்தில் உதிர்கிற பொருக்கு எனக்கு அடுத்த மாசம் வரை உட்கார்ந்திருந்தது. தினமும் அதைப் பார்ப்பேன். இத்தனூண்டுக்கே இத்தனை நாள் என்றால், மார்பின் குறுக்கே போகிற வெட்டுக்கு? ஆனால் அதுவும் ஒருநாள் உதிர்ந்தது. கீழே புதுத் தோல் இளஞ்சிவப்பாக இருந்தது. எனக்குத் தைரியம் வந்தது.

பொங்கல் முடிந்து போனேன். சர்ஜன் பார்த்தார், திருப்தி என்றார், சித்திரையில் நாள் குறித்தார்.

அந்த வாரமே அஞ்சலை இடுப்பில் பெண்குழந்தையோடு கடைக்கு வந்தாள். பையன் காதுகுத்தின்போது தொட்டிலில் கிடந்தவள், இரண்டாவது பிள்ளை. வைகாசியில் இதற்குக் காதுகுத்து.

"நல்லதாப் போச்சு" என்றேன். சித்திரையில் வெட்டிக்கொண்டு வைகாசியில் தட்டை மார்போடு போய் உட்காரலாம் என்று என் கணக்கு ஓடியது. சர்ஜன் சொன்னது பிறகுதான் ஞாபகம் வந்தது: வெட்டிய பிறகு ரெண்டு மூணு மாசத்துக்குக் கையைத் தூக்கக்கூடாது, எதையும் நெஞ்சோடு அணைக்கக்கூடாது. குழந்தை துள்ளினால் தையல் பிரியும்.

ஆபரேஷன் விஷயத்தை அவளிடம் சொன்னேன். காதுகுத்தைத் தள்ளிப்போட முடியுமா என்றும் கேட்டேன்.

"தள்ளமாட்டாங்கண்ணே. மாமனாரு வேற ஏற்பாடே பண்ணிட்டாரு." குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "உங்க அண்ணனுக்குக் கூச்சமா இருக்கும், பாவம், பெரியப்பன் மவன் யாரையாவது உக்கார வைங்கன்றாரு. நீ உசுரோட இருக்கறப்ப எவன் மடியிலயோ என் பொண்ண உக்கார வைக்கணுமாம்."

நான் அடுப்பிலிருந்து பாலை இறக்கி வைத்தேன்.

"நீ அறுத்துக்கறத நான் வேணாம்னு சொல்லல. உன் உடம்பு. ஆனா அந்த எடத்துல நீ இல்லன்னா, அந்த வூட்ல நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா நான் யாரக் காட்டிப் பேசறது? எனக்குன்னு கேக்க ஆள் இல்லன்னுதான அர்த்தம்?"

எங்கள் பக்கத்தில் அதற்கு அதுதான் அர்த்தம். சிரித்து என்னை அவமானப்படுத்தியவர், இப்போது இரக்கப்பட்டு என் இடத்தையே எடுத்துக்கொள்ளப் பார்த்தார். சிரிப்பையாவது பொறுத்துக்கொள்ளலாம்.

"சட்டை போடாமயே வர்றேன்னு போய்ச் சொல்லு" என்றேன். "விழுப்புரத்துலயே கழட்டிட்டு பஸ் ஏறறேன்."

சர்ஜனிடம் போய் நாள் வேண்டாம் என்றேன். காரணம் கேட்டார், சொன்னேன். "கத்தி துருப்பிடிக்காது. எப்ப வேணா வா" என்றார்.

வைகாசியில் மயிலம். அதே மண்டபம், பாதிக்கு மேல் அதே முகங்கள். பஸ்ஸில் சட்டையோடுதான் வந்தேன், வீரத்துக்கும் ஒரு அளவு உண்டு. மண்டபத்தில் கழற்றினேன். பேச்சு நின்றது. குழந்தையை மடியில் வாங்கி உட்கார்ந்தேன். சம்பந்தி சந்தனக் கிண்ணத்தோடு வந்து, போன தடவை மாதிரியே ஒரு விரலை நீட்டினார்.

"அப்படி இல்ல மாமா" என்றேன். குரலை உயர்த்த வேண்டியிருக்கவில்லை. எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். "முறைன்னா முழுக் கையால பூசணும். போன தடவை மடிப்புக்குள்ள விட்டுப்போச்சு. நல்லாத் தூக்கிப் பூசுங்க."

அவர் கை அந்தரத்தில் நின்றது.

"பயப்படாதீங்க. இன்னிக்கி பால் இல்ல. வெறும் டிகாஷன்தான்."

சிரிப்பு வந்தது. போன தடவையைவிடப் பெரிய சிரிப்பு. ஆனால் இந்தத் தடவை சிரித்தவர்கள் எல்லாரும் பார்த்தது அவர் கையை. கோயில், சம்பந்தி, முறை. அவரால் பின்வாங்க முடியவில்லை. முழுக் கையில் சந்தனம் அள்ளிப் பூசினார். நான் மார்பை நிமிர்த்திக் கொடுத்தேன். மடிப்பைத் தூக்கிப் பூசும்போது அவர் முகம் போன போக்கு இருக்கிறதே, அதற்காக நான் இன்னும் ஒரு வருஷம் களி தின்னத் தயார். கூட்டத்தில் லோகா முந்தானையை வாயில் வைத்திருந்தாள். அஞ்சலை எதையும் மறைக்காமல் சிரித்தாள்.

அப்போதுதான் ஆசாரி ஊசியை ஏற்றினார்.

இந்தப் பெண் அழவில்லை. பால் தேடவும் இல்லை. தொங்கிய தோலைக் கைநிறையப் பிடித்து, நகம் பதிய, முறுக்கினாள். அம்மாடி, உயிர் போயிற்று. இரண்டாவது காது முடியும்வரை விடவில்லை. வெட்டி மேலே ஒட்டினால் உணர்ச்சி செத்துவிடும் என்று சர்ஜன் சொன்ன அதே இடம்.

அதற்குப் பிறகு சில வருஷங்கள் போயின. நான் இன்னும் வெட்டிக்கொள்ளவில்லை. வெட்டிக்கொள்ள மாட்டேன் என்றும் சொல்லவில்லை. உங்களுக்கு இதே தொல்லை இருந்து, நீங்கள் போனால் நான் தடுக்க மாட்டேன். நீலம் நீலமாக நிற்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு போங்கள். இந்த மார்பை நான் நேசிக்கக் கற்றுக்கொண்டேன் என்று எழுதினால் அது பச்சைப் பொய். கண்ணாடியில் பார்த்தால் இப்போதும் எரிச்சல்தான் வருகிறது. அடுப்படியில் சட்டை மட்டும் போடுவதில்லை. புதிதாக ரயிலிறங்கி வருகிறவன் பார்த்துத் தயங்கினால், "சாப்பாட்டுல கோளாறு இல்ல, சமைக்கிறவன்லதான்" என்று சொல்லி உட்கார வைக்கிறேன். எதிர்க்கடைக்குப் போன சிலர் திரும்பி வந்தார்கள். அவர்களுக்குக் கெட்டிச் சட்னி கிடையாது.

அந்த நகக்குறி, பிறை மாதிரி நாலு, ஆறுவதற்கு வெகுநாள் ஆனது. என் தோலுக்கு எதையும் சீக்கிரம் விடத் தெரியாது. மற்றவர்கள் காலண்டரைக் கிழிக்கிறார்கள். எனக்கு நாள் போவது புண் காய்வதில்தான் தெரிகிறது. தினமும் ஊசி போட்ட கையோடு லோகா அதில் தேங்காயெண்ணெய் தொட்டு வைப்பாள்.

ஒருநாள் "இன்னும் வலிக்குதா?" என்றாள்.

"வலிக்குது" என்றேன். அன்றைக்கு அது ஏற்கெனவே ஆறியிருந்தது.